ஒரு தட்டு உடைந்தது, ஓர் ஊர் பிழைத்தது

என் பழைய மாணவ மாணவிகளுக்கும், இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிக்கும் சொந்தங்களுக்கும் அன்பு. இன்றைய பதிவு கொஞ்சம் நீளமானது. சமையல் வேலையெல்லாம் முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள். அவசரமாகப் படித்துவிட்டு "சூப்பர் டீச்சர்" என்று எழுதுபவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும்.

முதலில் ஒரு கேள்வி. விலை உயர்ந்த, அழகான தட்டு ஒன்று உங்கள் கைக்கு வருகிறது. அதுபோல இன்னொன்று ஊரில் கிடையாது. அதை எப்படிச் செய்தார்கள் என்று சொல்லவும் ஆள் இல்லை. என்ன செய்வீர்கள்? பத்திரமாக அலமாரியில் வைப்பீர்களா, உடைத்துப் பார்ப்பீர்களா?

ஜப்பானில் ஒருவர் உடைத்துப் பார்த்தார். அதனால் ஒரு தொழில் பிறந்தது, ஓர் ஊர் பிழைத்தது. அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன். எனாமல் வேலை செய்த கலைஞர்கள் ஒருவருக்கொருவர் எப்படிக் கற்றுக்கொடுத்தார்கள் என்ற வரலாறு இது.

எனாமல் என்றதும் என் வயதுக்காரர்களுக்கு நினைவுக்கு வருவது, விளிம்பில் நீலக்கோடு போட்ட வெள்ளைத் தட்டு. அது கீழே விழுந்தால் சில்லு தெறித்து உள்ளே கறுப்பு இரும்பு தெரியும். அந்தச் சில்லைக் கவனித்திருந்தால் எனாமல் என்றால் என்னவென்று உங்களுக்கே புரிந்திருக்கும். அது பெயிண்ட் இல்லை, கண்ணாடி. கண்ணாடியை மாவாகப் பொடித்து, உலோகத்தின் மேல் வைத்துச் சுட்டால், பொடி உருகி உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளும். கண்ணாடியில் கோபால்ட் சேர்த்தால் நீலம், செம்பு சேர்த்தால் பச்சை, தங்கம் சேர்த்தால் சிவப்பு. தங்கம் சேர்த்தால் ஏன் சிவப்பு வருகிறது என்று அறிவியல் படித்த பிள்ளைகள் கருத்துப் பகுதியில் எழுதுங்கள்.

இந்தக் கலையின் நுட்பமான ஒரு வகையில், செம்புப் பாத்திரத்தின் மேல் மெல்லிய உலோகக் கம்பியை வளைத்து வளைத்துப் பூவும் பறவையுமாக ஒட்டுவார்கள். வயலுக்கு வரப்பு போல அந்தக் கம்பி. ஒவ்வொரு பாத்திக்குள்ளும் ஒரு நிறப்பொடியை நிரப்பிச் சுடுவார்கள். பிரெஞ்சுக்காரர்கள் இதைக் க்ளுவாசொனே என்பார்கள். ஜப்பானில் எனாமல் வேலைக்கே ஷிப்போ என்று பெயர். ஷிப்போ என்றால் ஏழு மணிகள், ஏழு செல்வங்கள். பௌத்த நூல்கள் சொல்லும் சப்த ரத்தினங்கள்தான் அவை. நம் நாட்டிலிருந்து போன ஒரு கருத்து, சீனா வழியாக ஜப்பானுக்குப் போய், ஒரு கைத்தொழிலின் பெயராக உட்கார்ந்துகொண்டது.

சரி, கதைக்கு வருவோம்.

ஜப்பானில் எனாமல் வேலை தெரிந்த ஒரு குடும்பம் 1600-களின் தொடக்கத்திலேயே இருந்தது. ஹிராதா தோனின் என்பவர் அந்தக் குடும்பத்தின் முதல்வர். கொரியக் கைவினைஞரிடமிருந்து கற்றார் என்பது மரபாகச் சொல்லப்படும் செய்தி. வாளின் கைப்பிடிக்கும் கைக்காப்புக்கும் பொருத்தும் சின்னச் சின்ன உலோகத் துண்டுகளில் எனாமல் வைத்துக்கொடுப்பது அவர்கள் வேலை. நாட்டை ஆண்ட தோகுகாவா தலைவர்களின் ஆதரவு அவர்களுக்கு இருந்தது. தொழில் ரகசியத்தை வீட்டை விட்டு வெளியே விடவில்லை. அப்பாவிடமிருந்து மகனுக்கு, மகனிடமிருந்து பேரனுக்கு.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தக் காலத்தில் தொழில் ரகசியம்தான் குடும்பச் சொத்து. நிலம் வைத்திருப்பவன் பத்திரத்தைப் பெட்டியில் பூட்டி வைப்பதைப் போல, கைத்தொழில் செய்பவன் பக்குவத்தை மனதுக்குள் பூட்டி வைத்தான். ஆனால் இதன் விளைவைப் பாருங்கள். இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு அதே நாட்டில் இன்னொருவருக்கு எனாமல் கற்க ஆசை வந்தபோது, போய்க் கேட்க ஒரு வாசல் இல்லை.

அந்த இன்னொருவர் பெயர் காஜி சுனேகிச்சி. 1803-ல் பிறந்தவர். ஒவாரி என்ற நாட்டுப்பகுதி, இன்றைய நகோயா நகரைச் சேர்ந்த இடம். சாமுராய்க் குடும்பம்தான். சாமுராய் என்றதும் சினிமாவில் வருவது போல நினைத்துக்கொள்ளாதீர்கள். கீழ்நிலைச் சாமுராய்களுக்குக் கிடைத்த மானியம் வயிற்றுக்கே போதாது. கௌரவம் இருக்கும், அரிசி இருக்காது. பலர் பக்கத் தொழில் எதையாவது செய்துதான் காலம் தள்ளினார்கள்.

அப்போது ஜப்பான் வெளிநாடுகளுக்குக் கதவைச் சாத்தி வைத்திருந்த காலம். நாகசாகித் துறைமுகத்தில் டச்சுக்காரர்களும் சீனர்களும் மட்டும் வியாபாரம் செய்யலாம். அந்த வழியாக உள்ளே வந்த சீன எனாமல் பொருள் ஒன்று, 1830-களில் காஜி கைக்குக் கிடைத்தது. அவர் அதை உடைத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தார் என்பார்கள். அடியில் செம்பு. அதன் மேல் கம்பி. கம்பிக்கு நடுவே கண்ணாடி.

அவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் உடைத்தவுடன் கிடைத்தது கேள்விகள்தான். கம்பியை எதை வைத்து ஒட்டுவது? சூட்டில் பசை எரிந்துபோனால் கம்பி எங்கே நிற்கும்? பொடி எவ்வளவு மென்மையாக இருக்க வேண்டும்? சூடு எவ்வளவு, எத்தனை நேரம்? குறைந்தால் பொடி உருகாது. கூடினால் நிறம் கருகும், கம்பி சாயும். ஆறும்போது செம்பு ஒரு வேகத்தில் சுருங்கும், கண்ணாடி இன்னொரு வேகத்தில் சுருங்கும். இரண்டும் ஒத்துப் போகாவிட்டால் விரிசல். கேட்க ஆசிரியர் இல்லை. உடைந்த துண்டுகள்தான் பாடநூல். கடைசியில் ஒரு சிறிய தட்டைச் செய்து முடித்தார். பெரிய ஜாடி இல்லை, கோயில் விளக்கு இல்லை. ஒரு சின்னத் தட்டு.

இதோடு முடிந்திருந்தால் காஜியும் இன்னொரு ஹிராதாவாக ஆகியிருப்பார். 1850-களின் கடைசியில் ஒவாரிப் பிரபு அவரைத் தன் அதிகாரபூர்வ எனாமல் கலைஞராக அமர்த்திக்கொண்டார். வருமானம் வந்துவிட்டது, மரியாதையும் வந்துவிட்டது. ரகசியத்தைப் பூட்டி வைக்க இதைவிட நல்ல நேரம் கிடையாது. ஆனால் அதே காலத்தில்தான் அவர் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டார்.

இந்த இடத்தில் பிள்ளைகள் ஒரு பெயர் வரிசையைக் குறித்துக்கொள்ளுங்கள். பரீட்சையில் கேட்கமாட்டேன், ஆனாலும் குறித்துக்கொள்ளுங்கள். காஜியின் மாணவர் ஹயாஷி ஷோகோரோ. ஷோகோரோவின் மாணவர் சுகமோட்டோ கைசுகே. கைசுகேயின் மாணவர் ஹயாஷி கொதென்ஜி. நான்கு தலைமுறை ஆசிரியர்கள். கவனியுங்கள், இவர்களில் யாரும் முந்தியவருக்கு மகன் கிடையாது. வரிசையில் இரண்டு ஹயாஷி இருந்தாலும், கொதென்ஜிக்குத் தொழில் வந்தது கைசுகே வழியாக. ஹிராதா வீட்டில் ரத்த வழியில் போன வித்தை, இங்கே மாணவர் வழியில் போயிற்று. வரலாற்றில் ஷோகோரோவின் பெயர் நிற்பதற்கு முக்கியக் காரணமே அவர் பலருக்கு ஆசிரியராக இருந்தார் என்பதுதான். அவர் செய்த ஜாடிகளைவிட அவர் உருவாக்கிய ஆட்களைத்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். ஓர் ஆசிரியைக்கு இதைப் படிக்கும்போது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நகோயாவுக்குப் பக்கத்தில் தோஷிமா என்று ஒரு கிராமம். அந்தக் கிராமமே எனாமல் ஊராக மாறியது. ஒரு பாத்திரத்தை ஒரே ஆள் செய்து முடிக்க வேண்டும் என்பதில்லை. ஒருவர் செம்புத் தகட்டைத் தட்டி ஜாடி ஆக்குவார். இன்னொருவர் மையால் படம் வரைவார். அடுத்தவர் இடுக்கியால் கம்பியை வளைத்து நிறுத்துவார். அதற்குப் பசை, ஒருவகை ஆர்க்கிட் செடியின் கிழங்கிலிருந்து எடுப்பது. அடுத்தவர் பொடியைக் குழைத்துப் பாத்திகளில் நிரப்புவார். சுமார் 800 டிகிரி சூட்டில், சில நிமிடங்கள் மட்டும் சூளையில் இருக்கும். பொடி உருகியதும் அளவு குறைந்து பள்ளம் விழும். மறுபடி நிரப்ப வேண்டும், மறுபடி சுட வேண்டும். இப்படிப் பல முறை. பிறகு கல்லாலும் கரியாலும் தேய்த்துத் தேய்த்து, கம்பியும் கண்ணாடியும் ஒரே மட்டத்துக்கு வரும்வரை பளபளப்பு ஏற்றுவார்கள். கடைசியில் வாய்க்கும் அடிக்கும் உலோக வளையம் பொருத்துபவர் ஒருவர்.

இதில் ஒருவர் தப்பு செய்தால் எல்லோர் உழைப்பும் போகும். கம்பி வைப்பவர் அவசரப்பட்டால், பத்து நாள் கழித்துத் தேய்ப்பவர் கையில் அது தெரியும். அதனால் பக்கத்து வீட்டுக்காரர் வேலை நன்றாக இருக்க வேண்டும் என்ற அக்கறை எல்லோருக்கும் தானாகவே வந்தது. சொல்லிக்கொடுப்பது வெறும் பெருந்தன்மை என்று நான் சொல்லவில்லை. அங்கே அது பிழைப்பின் தேவையாகவும் இருந்தது.

யோகோஹாமா துறைமுகம் 1859-ல் வெளிநாட்டு வியாபாரத்துக்குத் திறந்தது. ஹயாஷி கொதென்ஜி 1862-ல் நகோயாவில் தனிப் பட்டறை தொடங்கினார். 1868-ல் ஆட்சி மாறியது. பிரபுக்களும் போனார்கள், சாமுராய்களின் மானியமும் போயிற்று. 1876-ல் வாள் கட்டிக்கொண்டு வெளியே நடமாடத் தடை வந்தது. வாளுக்கு அலங்காரம் செய்தவர்கள் என்ன செய்வார்கள்? உலோகத்தில் நுட்ப வேலை தெரிந்த எத்தனையோ கைகள் திடீரென்று சும்மா இருந்தன. வெளிநாட்டாருக்கு விற்கக்கூடிய அழகுப் பொருள் செய்வதுதான் பலருக்குக் கிடைத்த வழி. எனாமல் கலை ஒரே வீட்டின் பெட்டிக்குள் இருந்திருந்தால் அந்தச் சமயத்தில் இத்தனை பேருக்கு அது சோறு போட்டிருக்குமா?

ஆனால் ஒரு குறை இருந்தது. அந்தக் கால ஜப்பானிய எனாமலின் நிறங்கள் மங்கலாக இருக்கும். ஒளி ஊடுருவாது. கம்பி இல்லாமல் கொஞ்சம் பெரிய இடம் விட்டால் கண்ணாடி நிற்காது, விரிந்துவிடும். அதனால் தேவையே இல்லாத இடத்திலும் சுருள் சுருளாகக் கம்பி வைத்து நிரப்புவார்கள். படம் மூச்சுவிட இடம் இருக்காது.

இந்தக் குறையைத் தீர்க்க உதவியவர் ஒரு வெளிநாட்டு ஆசிரியர். கோட்ஃபிரீட் வாகனர், ஜெர்மனியின் ஹனோவரில் 1831-ல் பிறந்தவர். கணிதம் படித்தவர், வேதியியல் அறிந்தவர். 1868-ல் நாகசாகிக்கு வந்தார். அரிதா என்ற பீங்கான் ஊரில் வேலை செய்தார். பிறகு தோக்கியோ. அங்கே அஹ்ரென்ஸ் என்ற ஜெர்மன் கம்பெனி ஓர் எனாமல் பட்டறை நடத்தியது. அதற்குத் தலைமைக் கைவினைஞராக வந்தவர் யார் தெரியுமா? நம் வரிசையில் மூன்றாவது பெயர், சுகமோட்டோ கைசுகே. ஒருவருக்குக் கை தெரியும், இன்னொருவருக்கு வேதியியல் தெரியும். எந்தப் பொடி எந்தச் சூட்டில் ஏன் அப்படி நடந்துகொள்கிறது என்பதை வாகனர் கணக்காகச் சொன்னார். அது செய்து பார்க்கக்கூடியதா என்பதைச் சொல்லக் கைசுகே போன்றவர்களால்தான் முடியும்.

1878-ல் வாகனர் கியோத்தோவுக்குப் போனார். அங்கே அரசு நடத்திய வேதியியல் நிலையத்தில் 1881 வரை கற்பித்தார். அந்த ஊரில் நமிகாவா யாசுயுகி என்ற கலைஞர் இருந்தார். 1845-ல் பிறந்தவர். இவரும் அரச குடும்பத்தைச் சேர்ந்த ஓர் இளவரசரிடம் சேவகம் செய்து, காலம் மாறியதால் எனாமலுக்கு வந்தவர். வாகனரோடு சேர்ந்து உழைத்ததில் நிறங்கள் தெளிந்தன, பளபளப்பு வந்தது. யாசுயுகியின் கறுப்புப் பின்னணி உலகப் புகழ் பெற்றது. கண்ணாடி போன்ற கறுப்பு. அதில் ஒரு கிளை, இரண்டு பட்டாம்பூச்சி, அவ்வளவுதான். மிச்ச இடத்தைச் சும்மா விட முடிந்தது. தேவையற்ற கம்பிச் சுருள்களெல்லாம் மறைந்துபோயின.

இந்தியாவிலிருந்து கப்பலேறி 1889-ல் ஜப்பான் போன எழுத்தாளர் ருட்யார்ட் கிப்ளிங், கியோத்தோவில் இந்தப் பட்டறையைப் போய்ப் பார்த்துத் தன் பயணக் கடிதங்களில் எழுதியிருக்கிறார்.

தோக்கியோவில் இன்னொரு நமிகாவா இருந்தார், நமிகாவா சோசுகே, 1847-ல் பிறந்தவர். தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே பெயர். ஜப்பானிய எழுத்தில் வேறு வேறு. உறவும் கிடையாது. ஒருவர் கம்பியில் மன்னன் என்றால் இன்னொருவர் கம்பியே தெரியாமல் செய்வதில் மன்னன். கம்பியை வைத்து நிறப்பொடி நிரப்பியபின், சுடுவதற்கு முன்பே கம்பியை உருவி எடுத்துவிடுவார். இரண்டு நிறமும் ஓரத்தில் மெல்லக் கலந்து, தூரிகையால் வரைந்த ஓவியம் போலத் தெரியும். மேகத்துக்கு மேலே ஃபூஜி மலை தெரியும் அவருடைய எனாமல் பலகை 1893 சிகாகோ கண்காட்சிக்குப் போனது. இப்போது தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1896-ல் இரண்டு நமிகாவாக்களும் பேரரசரின் அவைக் கலைஞர்கள் ஆனார்கள். எனாமல் துறையில் அந்தப் பட்டம் பெற்றவர்கள் இந்த இருவர் மட்டுமே.

இப்போது ஐரோப்பாவுக்கு ஒரு நடை போய்வர வேண்டும். ஏனென்றால் கதையின் அடுத்த பகுதி பாரிஸில் கிடைத்த ஒரு கிண்ணத்தில் தொடங்குகிறது.

ஐரோப்பாவில் எனாமல் வேலை மிகப் பழையது. 1100-களின் தொடக்கத்தில், தியோஃபிலஸ் என்ற புனைபெயரில் ஒரு துறவி கைத்தொழில்கள் பற்றி மூன்று பகுதியாக ஒரு நூல் எழுதினார். ஓவியம், கண்ணாடி, உலோகம். தங்கத்தின் மேல் தங்கக் கம்பி வைத்து எனாமல் செய்வதை அதில் படிப்படியாகச் சொல்கிறார். அதைவிட எனக்குப் பிடித்தது அவருடைய முன்னுரை. கைத்திறன் கடவுள் தந்தது, அதைப் பொறாமையால் ஒளித்து வைக்கக் கூடாது, கற்க வருபவனுக்கு மனமுவந்து கொடுக்க வேண்டும் என்ற கருத்தை அங்கே வற்புறுத்துகிறார். தொழில் ரகசியம் உயிரைவிடப் பெரிதாக இருந்த காலத்தில் ஒருவர் அதை எழுதியே வைத்துவிட்டார். இன்றுவரை ஆராய்ச்சியாளர்கள் அதைப் படிக்கிறார்கள்.

பிறகு வந்தவர் இத்தாலியப் பொற்கொல்லர் செல்லினி. பிரெஞ்சு மன்னர் முதலாம் பிரான்சுவா அவரிடம் ஒரு கிண்ணத்தைக் காட்டினார். எனாமலுக்குப் பின்னால் உலோகமே இல்லை. கம்பிகளுக்கு நடுவே கண்ணாடி மட்டும். வெளிச்சத்தில் பிடித்தால் கோயில் ஜன்னல் போல ஒளிரும். இது எப்படிச் சாத்தியம் என்று கேட்டார் மன்னர். செல்லினி அதை விளக்கினார். மன்னருக்குச் சொன்னதோடு நிற்காமல், 1568-ல் அச்சான தன் நூலிலும் அந்த முறையை எழுதி வைத்தார்.

இந்த ஒளி ஊடுருவும் எனாமல் பின்னாளில் வழக்கொழிந்தது. 1800-களின் கடைசியில் அதை மீட்டெடுத்தவர்களில் ஒருவர் பெர்னாந்து தெஸ்மார் என்ற பிரெஞ்சுக் கலைஞர். 1900-ல் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சியில், நகோயாவிலிருந்து வந்த அன்டோ ஜூபெய் என்ற வியாபாரி தெஸ்மாரின் படைப்பு ஒன்றை விலைக்கு வாங்கினார். நகோயாவுக்குக் கொண்டுபோய்த் தன் பட்டறைத் தலைவர் கவாடே ஷிபதாரோவிடம் கொடுத்தார். கவாடே அதை ஆராய்ந்து, முறையைக் கண்டுபிடித்தார். செம்பின் மேல் வழக்கம் போல எனாமல் செய்து, கடைசியில் செம்பை மட்டும் அமிலத்தில் கரைத்துவிடுவது. வெள்ளிக் கம்பியும் கண்ணாடியும் மிச்சம் நிற்கும். வெளிச்சம் உள்ளே புகுந்து வெளியே வரும்.

1880-ல் தொடங்கிய அந்த அன்டோ கம்பெனியில் கவாடேவுக்கு முன்னால் பட்டறைத் தலைவராக இருந்தவர் காஜி சதாரோ. தட்டை உடைத்த காஜி சுனேகிச்சியின் பேரன்! தாத்தா சீனப் பொருளைப் பிரித்துப் பார்த்துக் கற்றார். பேரன் உட்கார்ந்திருந்த நாற்காலியில் அடுத்து உட்கார்ந்தவர் பிரெஞ்சுப் பொருளைப் பார்த்துக் கற்றார். எழுபது ஆண்டுகளில் வட்டம் எவ்வளவு பெரிதாகிவிட்டது பாருங்கள்.

இன்னும் கேளுங்கள். சீனர்களும் இதைத் தாங்களே கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்ளவில்லை. 1388-ல் ஒரு சீன அறிஞர் பழம்பொருள்கள் பற்றி எழுதிய நூலில் இதை அரபு நாட்டுப் பண்டம் என்ற பொருள்படும் பெயரால் குறிக்கிறார். மேற்கிலிருந்து வந்ததை வாங்கிக்கொண்டு, சீனர்கள் தங்கள் கைவண்ணத்தைச் சேர்த்தார்கள். அந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரர்களோ, 1860-களின் கடைசியில் சீன, ஜப்பானியப் பொருள்களைப் பார்த்துக் கம்பி எனாமலைப் புதிதாகப் பழகினார்கள். பாரிஸில் அலெக்சி ஃபலீஸ் என்ற நகை வடிவமைப்பாளர் அதில் முன்னோடி. ஆகவே இது யார் சொத்து என்று கேட்டால் பதில் கிடைக்காது. மேற்கிலிருந்து கிழக்குக்குப் போயிற்று, கிழக்கிலிருந்து மேற்குக்கு வந்தது, மறுபடி கிழக்குக்குப் போயிற்று. ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் அடுத்தவர் கைவேலையைப் பார்த்து வியந்திருக்கிறார். அந்த வியப்பையும் நான் ஒருவகைப் பாராட்டு என்றுதான் சொல்வேன்.

பகிர்ந்துகொண்டால் எல்லாம் நன்மையே என்று சொன்னால் நான் உங்களுக்குப் பாதிப் பாடம்தான் நடத்தியவள் ஆவேன். மறுபக்கமும் உண்டு. தொழில் பலருக்குத் தெரிந்ததும் மலிவுச் சரக்கும் பெருகியது. ஏற்றுமதிக் கப்பலுக்காக அவசர அவசரமாகச் செய்த சாமான்கள் ஏராளம். மெல்லிய செம்பு, கரடுமுரடான கம்பி, குறைந்த பாலிஷ். நல்ல கலைஞர்களின் பெயரும் அதனால் கெட்டது. காஜி யாருக்கும் சொல்லாமல் இருந்திருந்தால் மட்டமான ஜாடி ஒன்றுகூட வந்திருக்காது என்பது உண்மை. ஆனால் இரண்டு நமிகாவாக்கள் புகழ்பெறும் அளவுக்கு அந்தத் தொழில் வளர்ந்திருக்காது என்பதும் உண்மைதான்.

நான் ஆசிரியர் பயிற்சி முடித்து முதல் பள்ளியில் சேர்ந்தபோது, அங்கே மூத்த ஆசிரியை ஒருவர் இருந்தார். பின்னம் நடத்துவதில் கெட்டிக்காரர். தன் பாடக்குறிப்பு நோட்டை என்னிடம் கொடுத்து, "எழுதி வெச்சுக்கோம்மா, உன் வகுப்புக்கு ஏத்த மாதிரி மாத்திக்கோ" என்றார். அவர் கொடுத்ததில் பாதியை நான் மாற்றினேன், மீதியை அப்படியே நடத்தினேன். உங்களில் எத்தனை பேர் அந்த அம்மாவின் பின்னத்தைப் படித்தீர்கள் என்று உங்களுக்கே தெரியாது. ஷோகோரோவைப் பற்றிப் படிக்கும்போது எனக்கு அவர் முகம்தான் வந்தது.

அப்புறம் அந்த ஊர் என்ன ஆயிற்று? தோஷிமாவில் 1895-ல் நட்ட வழிகாட்டிக் கல் ஒன்று இருக்கிறது. அதில் ஊர்ப் பெயரையும் தொழிலின் பெயரையும் ரோமன் எழுத்தில் செதுக்கியிருக்கிறார்கள். ஒரு விவசாயக் கிராமத்தில் ஆங்கில எழுத்து எதற்கு? வாங்க வரும் வெளிநாட்டார் வழி தவறக்கூடாதே! 1906-ல் பக்கத்துக் கிராமங்களோடு இணைந்தபோது புதிய ஊருக்கு ஷிப்போ என்றே பெயர் வைத்தார்கள். தொழிலின் பெயரே ஊரின் பெயர். 2010-ல் அது ஆமா நகரத்தோடு சேர்ந்துவிட்டது.

இடையில் கெட்ட காலமும் வந்தது. போர்க்காலத்தில், 1940-ல் ஆடம்பரப் பொருள் செய்யவும் விற்கவும் தடை விதித்தார்கள். செம்பும் வெள்ளியும் கிடைப்பது அரிதாயிற்று. போர் முடிந்தபின் மீண்டு வந்தவர்கள் குறைவு. இன்று அந்தப் பக்கத்தில் பட்டறைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனாலும் எண்ணும்படி இருக்கின்றன. 1995-ல் ஒவாரி ஷிப்போவை ஜப்பான் அரசு மரபுக் கைத்தொழிலாக அறிவித்தது. அங்கே ஒரு கலைக்கூடம் கட்டி, வருகிறவர்கள் தாங்களே பொடி நிரப்பிச் சுட்டுப் பார்க்க வசதி செய்திருக்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடச் செய்து பார்க்கலாம்.

கியோத்தோவின் யாசுயுகி 1927-ல் காலமானார். அவருடைய பட்டறை அவருக்குப் பின் தொடரவில்லை. அவர் வாழ்ந்து வேலை செய்த வீடு இன்று அருங்காட்சியகம். அந்தக் கறுப்பைக் கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று பார்க்கலாம். கலையின் உச்சம் என்றால் அதுதான், சந்தேகமில்லை. ஆனால் நகோயாப் பக்கத்து வரிசை, அவ்வளவு உச்சத்தைத் தொடாதவர்களையும் சேர்த்துக்கொண்டு, கைக்குக் கை மாறி இன்றும் சூளையில் தீயை வைத்திருக்கிறது. உச்சமும் வேண்டும், வரிசையும் வேண்டும். வரிசை இருந்தால் என்றாவது ஒருநாள் அதிலிருந்து இன்னொரு உச்சம் வரலாம். வரிசை அறுந்துவிட்டால், மறுபடி யாராவது ஒரு தட்டை உடைத்துத்தான் தொடங்க வேண்டும்.

இதை ஏன் உங்களுக்கு எழுதுகிறேன்? உங்களில் லேத் ஓட்டுபவர் இருக்கிறீர்கள், நர்ஸ் இருக்கிறீர்கள், தையற்கடை வைத்திருப்பவர், கல்யாணச் சமையல் செய்பவர், கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பவர் எல்லாரும் இருக்கிறீர்கள். ஒவ்வொருவர் கையிலும், எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒரு பக்குவம் இருக்கும். குழந்தைக்கு வலிக்காமல் ஊசி போடும் விதம். பிளவுஸின் கைக்குழியை வெட்டும் அளவு. இருநூறு பேருக்குச் சாம்பார் வைக்கும்போது புளியை எப்போது ஊற்றுவது என்பது. அதை உங்களோடு வைத்துக்கொண்டால் உங்களுக்கு ஒரு மதிப்பு இருக்கும்தான். மறுக்கவில்லை. ஆனால் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும் அந்தப் புதுப் பையனையோ பெண்ணையோ கூப்பிட்டு, "இங்க வா, இப்படிப் பிடி" என்று ஒரு தரம் காட்டுங்கள். அவர்கள் முதலில் சொதப்புவார்கள். திட்டாதீர்கள். நீங்கள் என் வகுப்பில் சொதப்பியதெல்லாம் என்னிடம் கணக்கு இருக்கிறது.

இந்த மாதம் யாருக்கு என்ன கற்றுக்கொடுத்தீர்கள் என்று கீழே எழுதுங்கள். சின்ன விஷயம் என்று கூச்சப்பட வேண்டாம். காஜியும் முதலில் செய்தது ஒரு சின்னத் தட்டுதான்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்